காட்டில் முளைத்த களவுப் பாதைகள்

துவிச்சக்கரவண்டி என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவோர் பாடசாலைக்கு விரையும் மாணவரும், சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் கமக்காரரும், கடிதப் பையோடு வரும் தபாற்காரருமே. தார்த் தெருவிலும் பனைவடலிக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கையிலும் உழைக்கும் வண்டி அது. அதே வண்டி மேல்நாடுகளிற் காடேறி நெடுங்காலமாகிவிட்டது. தடித்த ரயரும் வலிய சட்டமும் பூண்டு, மரவேரையும் பாறையையும் தாண்டி, செங்குத்தான சரிவிலே பாய்ந்து இறங்குவது இன்று இலட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. மலைச் சைக்கிள் என்பது அதன் பெயர்.

இவ்விளையாட்டோடு கூடவே ஒரு வழக்கும் பிறந்திருக்கிறது. ஊரை அடுத்துள்ள காடுகளில் எவருடைய அனுமதியுமின்றி வாலிபர்கள் பாதை வெட்டுகிறார்கள். காட்டுக்குப் பொறுப்பானவர்கள் அதனை அழிக்கிறார்கள். சில வாரங்களில் வேறோரிடத்தில் இன்னொரு பாதை தோன்றுகிறது. வெட்டியவர்களைக் கேட்டால், "நாம் காட்டை நேசிப்பவர்கள்" என்பர். அழித்தவர்களைக் கேட்டாலும் அதே விடைதான் வரும். இரு சாராரும் ஒரே பொருளை நேசித்துக்கொண்டு ஒருவரோடொருவர் பொருதுவது விநோதமன்றோ? நியாயம் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

மலையிறங்கிய பழைய வண்டிகள்

அமெரிக்காவிலே, சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே பொற்கதவுப் பாலத்தைக் கடந்தால் வருவது மறின் பகுதி. அங்கே 2,500 அடிக்குச் சற்று மேலாக உயர்ந்து நிற்கிறது தமல்பையஸ் மலை. 1970ஆம் ஆண்டுகளில் அப்பகுதி வாலிபர் சிலர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கனத்த பழைய சைக்கிள்களைத் தேடியெடுத்து மலைச் சரிவுகளில் ஓட்டத் தொடங்கினர். 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி தம்முள் ஒரு போட்டியும் வைத்தனர். இரண்டு மைல் தூரத்தில் ஏறத்தாழ 1,300 அடி இறங்கும் ஒரு தீத்தடுப்புப் பாதை அதற்குக் களமாயிற்று. பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் அக்காலத்துப் பிறேக் அந்த இறக்கத்திற் கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடும். கீழே வந்ததும் அதனைக் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைத்தல்' எனப் பொருள்படும் 'றீபாக்' என்பதே அந்தப் பாதையின் பெயராக நிலைத்துவிட்டது.

அவர்களுள் ஒருவரான ஜோ பிறீஸ் 1977இல் இவ்விளையாட்டுக்கென்றே ஒரு சைக்கிளைத் தம் கையாற் செய்தார். 1981இல் தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட மலைச் சைக்கிள் சந்தைக்கு வந்தது. பழைய இரும்போடு விளையாடிய சிலரின் பொழுதுபோக்கு சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது.

பூசலும் அங்கேயே தொடங்கிற்று. அமைதி நாடி நடப்போரும் குதிரைமேற் செல்வோரும் வளைவிலே திடீரெனப் பாய்ந்து வரும் வண்டிகளைக் கண்டு அஞ்சினர், முறையிட்டனர். 1980ஆம் ஆண்டுகளில் அம்மலையின் ஒடுங்கிய நடைபாதைகள் சைக்கிள்களுக்கு மூடப்பட்டன. அகன்ற தீத்தடுப்புப் பாதைகளில் மட்டும், மணிக்கு 15 மைலுக்கு மேற்படாத வேகத்தில், ஆட்களைக் கடக்கும்போது 5 மைலாகக் குறைத்து ஓடவேண்டுமென விதிக்கப்பட்டது. ஒடுங்கிய பாதை மறுக்கப்பட்டவர்களிற் சிலர் மறைவான இடங்களில் தாமே களவாகப் பாதை வெட்டினர். கதவை அடைத்தால் வேலியிற் பொட்டு விழும் என்ற உண்மை அன்றே வெளிப்பட்டது.

இங்கிலாந்தின் சிறு காடுகள்

அமெரிக்க மலைகளிலிருந்து இவ்விளையாட்டு இங்கிலாந்துக்கு வந்தபோது வழக்கு இன்னும் கூர்மையடைந்தது. அங்கே காடு சிறிது, சனம் பெரிது. ஊர்ப்புறத்தில் எஞ்சியிருக்கும் ஒரு துண்டுக் காட்டிலே நாயோடு உலாவும் முதியவரும், பறவை பார்க்கும் மாணவரும், குதிரை ஓட்டுவோரும், சைக்கிள் வாலிபரும் ஒருங்கே கூடுகின்றனர்.

சட்டமும் அதற்கேற்பச் சிக்கலானது. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளிற் சைக்கிள் ஓட்டும் உரிமையை அளித்தது. ஆனால் நடப்போருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டுமென்றது. நடைபாதைகளில் அத்தகைய உரிமை இல்லை. ஸ்கொத்லாந்திலோ, 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களிற் சைக்கிளிலும் செல்லலாம் என்கிறது. எனினும் பிறர் நிலத்தில் மண்ணை வெட்டிப் பாதை அமைக்கும் உரிமையை அச்சட்டமும் எவருக்கும் கொடுக்கவில்லை. செல்வது வேறு, வெட்டுவது வேறு.

இலண்டன் மாநகரின் வடகிழக்கே எப்பிங் காடு இருக்கிறது. ஏறத்தாழ 6,000 ஏக்கர் பரப்புள்ள இக்காடு ஒரு காலத்தில் வேலியடைத்துப் பிரிக்கப்பட்டுத் தனியார் கைக்குப் போகவிருந்தது. அங்கு விறகு வெட்டும் பரம்பரை உரிமையைக் கொண்டிருந்த ஏழைக் குடிகளும், அவர்களுக்குத் துணைநின்ற இலண்டன் மாநகராட்சியும் வழக்காடி அதனை மீட்டனர். 1878ஆம் ஆண்டு எப்பிங் காட்டுச் சட்டம் நிறைவேறிற்று. 1882இல் விக்டோரியா மகாராணியார் நேரில் வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார். நம்மூரில் வேலிப் பூவரசைக் குழைக்காகத் தறிப்பதுபோல, தலைமுறை தலைமுறையாகத் தலைதறித்து வளர்க்கப்பட்ட பீச், ஹோண்பீம் மரங்கள் அங்கே இன்றும் முறுகித் திரண்டு நிற்கின்றன. ஏசுநாதர் பிறப்பதற்கு முன்னரே எழுப்பப்பட்ட இரண்டு மண்கோட்டைகளின் மேடுகளும் அகழிகளும் மரங்களுக்கிடையே கிடக்கின்றன.

அக்காட்டிற் சைக்கிள் ஓட்டுவதற்குப் பொதுத் தடையில்லை; ஆனால் அம்மண்கோட்டைகளின்மேல் ஓட்டக் கூடாது. மேடும் பள்ளமுமான அவ்விடம் பாய்ந்து விளையாடுவதற்கென்றே அமைந்ததுபோல வாலிபர் கண்ணுக்குத் தோன்றக்கூடும். இரண்டாயிரம் ஆண்டு மழைக்குக் கரையாத மேட்டைச் சக்கரங்கள் சில ஆண்டுகளிற் கரைத்துவிடும். எறும்பு ஊரக் கல்லும் தேயுமென்றால், மண் எம்மாத்திரம்?

பாதை பிறக்கும் விதம்

களவுப் பாதை ஒரே நாளிற் பிறப்பதன்று. முதலில் ஒருவர் இரண்டு மரங்களுக்கிடையே ஒரு சரிவைக் காண்கிறார். காய்ந்த இலைகளை ஒதுக்கி இறங்கிப் பார்க்கிறார். அடுத்த வாரம் நண்பர் இருவர் மண்வெட்டியோடு வருகின்றனர். வளைவிலே மண்ணை அணைகட்டுகிறார்கள். பாய்வதற்கு மேடு குவிக்கிறார்கள். அந்த மேட்டுக்கு மண் வேண்டுமல்லவா, அருகிலே குழி தோண்டுகிறார்கள். பாடசாலை விடுமுறை முழுவதும் வியர்வை சிந்தி, எவரும் கூலி கொடாத ஒரு வேலையை எவரும் கண்காணியாமலே செய்து முடிக்கிறார்கள். இதனை வெறும் நாசவேலை என்று சொல்வது முறையாகாது. பிரயாசையும் ஒற்றுமையும் ஒருவகைக் கலையுணர்வும் அதில் இருக்கின்றன. ஆகவேதான் அது அழிக்கப்படும்போது அவர்கள் மனம் புண்படுகிறது.

ஆனால் அவர்கள் காணாதவை பல அங்கே இருக்கின்றன. இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு முதல் இடையறாது காடாகவே இருந்துவரும் நிலத்தைத் தொன்மைக் காடு என வகுத்துள்ளனர். அத்தகைய காடு பிரித்தானிய நிலப்பரப்பில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு மாத்திரமே. அதன் செல்வம் மரத்தில் மட்டும் இல்லை, மண்ணிலும் இருக்கிறது. வசந்தகாலத்தில் அந்நிலம் முழுவதும் நீலக்கம்பளம் விரித்தாற்போல் 'புளூபெல்' என்னும் பூ மலரும். உலகத்து புளூபெல்களிற் பாதியளவு பிரித்தானியத் தீவுகளிலேதான் உண்டு என்பர். அதன் விதை முளைத்து முதற் பூப் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். இலை நசுங்கினால் அச்செடி தன் கிழங்குக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கமாட்டாது. மறு ஆண்டு வலிகுன்றிப் போகும்.

பூ கண்ணுக்குத் தெரியும், வேரோ தெரியாது. பீச் மரத்தின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. ரயர் மீண்டும் மீண்டும் அழுத்தும்போது மண்ணிலுள்ள சிறு துவாரங்கள் அடைபட்டு, காற்றும் நீரும் உட்செல்லாது மண் இறுகிவிடுகிறது. முந்நூறு ஆண்டு நின்ற மரம் மெல்ல மெல்ல மூச்சடைத்து நலிகிறது. மண்ணுள் வளைதோண்டி வாழும் பட்ஜர் என்னும் பிராணியின் வீட்டைச் சேதப்படுத்துவது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். பாய்ச்சல் மேட்டுக்கு மண் தேடும் மண்வெட்டிக்கு அது தெரிவதில்லை.

இன்னுமோர் அபாயம் சேற்றோடு செல்கிறது. தமல்பையஸ் மலையடிவாரத்தில் 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஓக் மரங்கள் காரணம் தெரியாமற் பட்டுப்போகத் தொடங்கின. பூஞ்சணத்தை ஒத்த ஒரு நுண்ணுயிரே அதற்குக் காரணமென்று பின்னர் கண்டனர். 2009இல் அதே உயிர் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள லார்ச் மரங்களைத் தாக்கவே, மரங்கள் பெருந்தொகையாக வெட்டி வீழ்த்தப்பட்டன. அது பெரும்பாலும் மழைச் சாரலாலும் ஈரக்காற்றாலும் பரவினும், சப்பாத்திலும் ரயரிலும் ஒட்டிய மண்ணோடும் இடம் பெயரக்கூடியது. குறித்த பாதையிற் செல்பவரைச் சேறு கழுவிவிட்டுப் போகும்படி கேட்கலாம். எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறார் என்று தெரியாதவரை எவ்வாறு கேட்பது?

பொறுப்பாளரின் தலைவலி

காட்டுக்குப் பொறுப்பானவருக்கு மண்ணைப் பற்றிய கவலையோடு மனிதரைப் பற்றிய கவலையும் உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம் நிலத்துக்கு வருவோரின் பாதுகாப்பைக் காணிக்குப் பொறுப்பானவர் நியாயமான அளவு கவனித்தல் வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியின்றிப் பிரவேசிப்போர் பாலும் ஓரளவு கடமையை விதித்தது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட அபாயத்துக்கு மற்றவரைப் பொறுப்பாக்க முடியாது என்ற விதியும் உண்டுதான். எனினும் ஓர் ஆபத்து இருப்பதை அறிந்தும் வாளாவிருந்தார் என்று நீதிமன்றிலே எவரும் கேட்கும் நிலையை அவர் விரும்புவாரா? பலகையும் ஆணியும் கொண்டு ஒரு சிறுவன் கட்டிய பாய்ச்சல் மேடையைக் கண்ட அன்றே அது அவருடைய தலைப்பொறுப்பாகிவிடுகிறது.

மரம் விழும் அபாயமும் உண்டு. பிரித்தானியாவில் 2012இல் முதன்முதல் உறுதிசெய்யப்பட்ட ஒரு நோயினால் ஆஷ் மரங்கள் பட்டு வருகின்றன. அறிந்த பாதைகளின் ஓரத்திலுள்ள மரங்களைப் பரிசோதித்து, விழக்கூடியவற்றை வெட்டுகிறார்கள். அறியாத பாதையின் மரங்களை யார் பரிசோதிப்பார்?

குற்றம் சக்கரத்தினதா?

இதுவரை கூறியவற்றைக் கேட்போர் சைக்கிளே காட்டின் பகை என முடிவுகட்டக்கூடும். விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி அவ்வாறு சொல்லவில்லை. 1994இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்காவின் மொந்தானா மாநில மலைப்பாதைகளில் மனிதர், குதிரை, மோட்டார்ச் சைக்கிள், சைக்கிள் என்பன செல்லும்போது எவ்வளவு மண் பெயர்கிறதென அளந்தனர். குதிரைக் குளம்பும் மனிதர் பாதமும் சக்கரங்களைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்துக் காடொன்றில் நடந்து, 2001இல் வெளியான பரீட்சை இன்னும் நுட்பமானது. தீண்டாத நிலத்தில் ஒரு பக்கம் 500 தடவை வரை நடந்தும், மறுபக்கம் அவ்வளவு தடவை சைக்கிள் ஓட்டியும் பார்த்தனர். இரண்டினாலும் உண்டான சேதத்திற் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. அதைவிட ஆறுதலான செய்தி: ஓராண்டு விட்டுவைத்தபோது அந்நிலம் தேறிவிட்டது.

அப்படியாயின் குற்றம் எங்கே? பாதை விழுந்த இடத்திலும் அதன் சாய்விலும் இருக்கிறது. வேகத்தை விரும்புபவர் குன்றின் உச்சியிலிருந்து நேராகக் கீழே பாதை வெட்டுகிறார். மழை நீரும் அந்த வழியையே விரும்புகிறது. முதல் மாரியிற் பாதை வாய்க்காலாகிறது, இரண்டாம் மாரியில் வாய்க்கால் பள்ளமாகிறது, வேர்கள் வெளித்தெரிகின்றன. சேற்றைத் தவிர்க்க ஓட்டுபவர்கள் பக்கத்தால் விலக, ஒன்றரை அடிப் பாதை பத்து அடியாக அகல்கிறது. அள்ளுண்ட வண்டல் ஓடையிற் சேர்ந்து, மீன் முட்டையிடும் சரளைக் கற்களை மூடிவிடுகிறது.

1988இல் கலிபோர்னியாவின் சைக்கிள் சங்கங்கள் கூடி ஆரம்பித்த சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் இதற்கொரு எளிய கணக்கை வகுத்தது. பாதையின் சாய்வு குன்றின் சாய்வில் அரைப்பங்குக்கு மேற்படலாகாது. சராசரி நூற்றுக்குப் பத்துக்கு உட்பட்டிருத்தல் நன்று. பாதையின் வெளிவிளிம்பு சற்றுத் தாழ்ந்து, நீர் குறுக்கே வழிந்தோட வேண்டும். இடையிடையே சிறு ஏற்றம் வைத்து நீரைத் தடுத்துத் திருப்ப வேண்டும். இம்முறையில் அமைந்த பாதை ஆண்டுக்கணக்காக நிற்கும். களவாக வெட்டுபவருக்கு இவ்வளவையும் அளந்து பார்க்க நேரமேது?

அழிக்கும் முறை

பாதையை அழித்தல் என்றதும் இயந்திரத்தைக் கொண்டுபோய்க் கிண்டுவதென்று எண்ணலாம். நல்ல பொறுப்பாளர் அவ்வாறு செய்வதில்லை. காயத்தை ஆற்றப்போய் மேலும் கீறக்கூடாதல்லவா? பறவைகள் கூடுகட்டும் வசந்தமும் கோடையும் கழிந்தபின், பெரும்பாலும் தொண்டர் குழுவின் கையுழைப்பாலேயே இது நடைபெறும். பாய்ச்சல் மேடுகளைச் சரித்து அம்மண்ணாலேயே குழிகளை மூடுவர். இறுகிய நிலத்தைப் பிக்காசினாற் கொத்தி இளக்குவர். அப்போதுதான் விதை விழுந்து வேர்பிடிக்கும். சரிவிலே மரக்கட்டைகளைக் குறுக்கே பதித்து நீரின் வேகத்தைத் தணிப்பர். காட்டிலேயே விழுந்த கொப்புகளையும் சருகையும் மேலே பரப்புவர்.

பாதையின் இரு முனைகளுமே முக்கியமானவை. பெருவழியிலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கெட்டும் தூரமளவாவது அது பாதையென்றே தெரியாதபடி செடிகளும் கிளைகளும் நாட்டி மறைக்க வேண்டும். காணாத பாதைக்கு ஆசையும் எழாது. அவ்விடத்தில் ஏன் மூடப்பட்டது, எங்கே ஓட்டலாம் என்று கூறும் அறிவிப்பும் வேண்டும். 'பிரவேசிக்கக் கூடாது' என்ற வெறும் பலகை அடுத்த கிழமை விறகாகிவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆத்திரமுற்ற சிலர் பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டுவதும், வளைவுக்கு அப்பால் மரக்கட்டை போடுவதும் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பாதையை மூடுவது கடமை. ஆளை வீழ்த்தப் பொறி வைப்பது கொடுங்குற்றம். காட்டின் பெயரால் அதனைச் செய்பவர் காட்டுக்கும் நண்பரல்லர்.

அழித்தாற் போதுமா?

ஒரு பாதையை ஒரு நாளில் அழித்துவிடலாம். அதனை உண்டாக்கிய ஆசையை எத்தனை நாளில் அழிக்கலாம்? பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேகமும் துணிவும் மண்வாசனையும் வேண்டியிருக்கின்றன. ஓரிடத்திலும் அதற்கு இடமில்லையென்றால் அவன் எல்லா இடத்தையும் தன் இடமாக்கிக்கொள்வான்.

இதனை முன்கூட்டி உணர்ந்த இடங்களும் உண்டு. வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் 'அரசனின் காடு' எனப் பொருள்படும் கோயிட் அ பிறெனின் என்ற அரசாங்க மரக்காட்டில், 1990ஆம் ஆண்டுகளில் மலைச் சைக்கிளுக்கென்றே பாதைகள் அமைக்கப்பட்டன. பிரித்தானியாவில் இவ்வகை முயற்சிக்கு அதுவே முன்னோடி. தொன்மைக் காட்டையன்றி, மரத்துக்காக நாட்டிய தோட்டக் காட்டைத் தெரிந்து, கல் பதித்து, நீர் வடியும் வழிகோலிச் செய்தமையால் மழை மிகுந்த அந்நாட்டிலும் அவை நிலைத்தன. பின்னர் ஸ்கொத்லாந்தின் தென்பகுதியில் ஏழு காடுகளில் அதே முறை பின்பற்றப்பட்டது.

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வட வன்கூவரின் கதை இன்னும் படிப்பினையானது. மழைக்காடு நிறைந்த அம்மலைகளில் 1980ஆம் ஆண்டுகள் தொடக்கம் ஓட்டுநர்கள் அனுமதியின்றியே பாதை வெட்டினர். சதுப்பையும் விழுந்த மரங்களையும் கடக்கச் சீடர்ப் பலகையாற் பாலங்கள் கட்டினர். அவர்களுடைய வேலைத்திறன் உலகப் புகழ் பெற்றது. எதிர்ப்பும் அவ்வாறே வளர்ந்தது. 1997இல் அவர்கள் ஒரு சங்கமாகக் கூடி, களவை விட்டு வெளிச்சத்துக்கு வந்தனர். காலப்போக்கிற் காணிக்குப் பொறுப்பான சபைகளோடு உடன்பாடு பிறந்தது. தகுந்த பாதைகள் ஏற்கப்பட்டன, தகாதவை மூடப்பட்டன. முன்பு இருளில் மண் வெட்டிய கைகள் பகலிலே பாதை திருத்தின.

இங்கேதான் வழக்கின் தீர்ப்பு இருக்கிறது. தொன்மைக் காட்டிலும் பழங்கோட்டையிலும் விழுந்த பாதை அழிக்கப்பட வேண்டியதே. அதிற் சமரசத்துக்கு இடமில்லை. முந்நூறு ஆண்டு மரத்துக்கு மாற்றிடம் கொடுக்க எவராலும் இயலாது. விளையாட்டுக்கோ மாற்றிடம் உண்டு. ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியது விளையாட்டே. ஆனால் அம்மாற்றிடத்தைக் காட்டாமல் அழிப்பது மட்டும் அரைகுறை நீதி. மூடும் அறிவிப்போடு கூடவே திறக்கும் அறிவிப்பும் வரவேண்டும். பாதை வெட்டிய வாலிபரை அழைத்து, சாய்வையும் நீரோட்டத்தையும் கற்பித்து, தகுந்த இடத்தில் அவர்கள் கையாலேயே வெட்டுவிக்க வேண்டும். மூடிய இடத்தில் மரக்கன்று நாட்டும் நாளிலும் அவர்களை அழைக்க வேண்டும். தான் நாட்டிய கன்றின்மீது எவனும் சைக்கிள் ஏற்றமாட்டான்.

எப்பிங் காட்டை அன்று மீட்டுக் கொடுத்தவர்களில் விறகு வெட்டிய ஏழைகளும் இருந்தனர். காட்டிலே தமக்கும் ஒரு பங்குண்டு என்ற உணர்வே அவர்களைக் காவலராக்கியது. பங்கில்லாதவன் களவாய் வருவான். பங்குள்ளவன் காவலுக்கு வருவான்.